மேகம் திருடியவன்

"கண்ணு தெரியாத பையன் படத்தைப் பார்த்து மேகத்துக்குப் பேர் சொல்லிட்டான். இதுதான் கேஸ்," என்றாள் சித்தி, ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் திணித்தபடி.

"படத்தைப் பார்த்துன்னு சொல்லாத சித்தி. படத்தைப் பார்க்காம."

"வாயை மூடிட்டு வண்டியைப் பூட்டு."

எனக்கும் சித்திக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. என் அம்மாவின் கடைசித் தங்கை. துப்பறியும் நிறுவனம் நடத்துகிறாள். நிறுவனம் என்றால் அவள், நான், இந்த ஸ்கூட்டர். வாடிக்கையாளர்கள் முன்னால் 'சித்தி' என்று கூப்பிடாதே என்று எத்தனையோ முறை என்னைத் திட்டியிருக்கிறாள். பலன், இப்போது வாடிக்கையாளர்களும் அவளைச் சித்தி என்றே கூப்பிடுகிறார்கள்.

இந்த கேஸைக் கொண்டுவந்தது ரேடியோவின் அக்கா. மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். தம்பிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. காதில் எந்நேரமும் ஒரு இயர்போன், வாயில் எந்நேரமும் ஒரு பேச்சு. அதனால் கல்லூரியில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். கடைசி செமஸ்டர். வானிலைப் பாடத்தில் கம்ப்யூட்டரில் ஒரு பரீட்சை. படத்தைக் காட்டி, இது என்ன மேகம் என்று கேட்பார்கள். ரேடியோ ஒன்றே ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சரியாகப் போட்டுவிட்டான். வகுப்பிலேயே முதல் மார்க்.

கேள்வித்தாளைத் திருடிவிட்டான் என்று பேராசிரியர் புகார் கொடுத்தார். இன்று மதியம் விசாரணைக் குழு கூடுகிறது. குற்றம் உறுதியானால் கல்லூரியை விட்டு நீக்கிவிடுவார்கள். மூன்று வருஷப் படிப்பும் அதோடு போச்சு.

"என் தம்பி திருட மாட்டான் சித்தி," என்று அழுதாள் அக்கா. "ஆனா ரெண்டு வாரமா வாயே திறக்க மாட்டேங்கறான். அதுதான் பயமா இருக்கு."

ரேடியோ ஆஃப் ஆகிவிட்டது என்று சொல்ல வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். எனக்கும் கொஞ்சம் இங்கிதம் உண்டு.

*

பேராசிரியரின் அறையில் ஜன்னலை அடைத்துக்கொண்டு புத்தகங்கள். வானிலை சொல்லித்தருகிறவர் வானத்தை மறைத்து வைத்திருந்தார்.

"அவன் நல்ல பையன்தான்," என்றார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "ஆனா நீங்களே சொல்லுங்க. பார்த்தவங்களே தடுமாறுற படங்களை அவன் எப்படிச் சரியாச் சொன்னான்? பரீட்சைக்கு முந்தின வாரம் இதே அறையில, என் கம்ப்யூட்டர் பக்கத்துல, எனக்காகத் தனியாக் காத்துட்டு இருந்தான். நான் கேன்டீன் போயிருந்தேன். விடைகள் அதுல இருந்தது."

"படக் கேள்விக்கு அவனை எதுக்கு சார் உட்கார வச்சீங்க?" என்று கேட்டாள் சித்தி.

"நான் எங்க வச்சேன்? போன வருஷம் வரைக்கும் படக் கேள்வியை அவனுக்கு மட்டும் விட்டுடுவோம். இந்த வருஷம் கீழ ஒரு டிசைனரம்மா வந்திருக்காங்க. கல்லூரியில பாதிப் பேருக்கு அவங்கதான் வாத்தியார். பாடத்தை எப்படித் துண்டு துண்டா வைக்கணும், கேள்வியை எப்படிக் கேக்கணும்னு எங்களுக்கே சொல்லித் தருவாங்க. அப்புறம் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்துவாங்க. அவங்கதான் பிடிவாதமா நின்னாங்க, இவனும் எல்லாக் கேள்வியும் எழுதட்டும்னு. படத்தைப் பத்தி ரெண்டு வரி அவனுக்குக் காதுல கேக்குமாம். ரெண்டு வரியில மேகத்தைக் கண்டுபிடிக்க என்னாலயே முடியாது."

"அவன் தப்பு விட்ட கேள்வி எது சார்?"

பேராசிரியர் சுவரில் இருந்த பெரிய திரையில் ஒரு படத்தை வரவழைத்தார். நீல வானம். நடுவே நீளமாக ஒரு வெள்ளைக் கோடு. கோட்டின் நுனியில், படத்தின் ஓரத்தில், எறும்பு அளவுக்கு ஒரு விமானம்.

"இது மேகமே இல்ல. விமானம் விட்டுட்டுப் போன தடம். பசங்களுக்கு நான் குடுக்குற இனாம் கேள்வி இது. வகுப்புல இதைக் காட்டி, இது எந்த மேகம்னு கேப்பேன். எல்லாரும் சிரிப்பாங்க. பரீட்சையில ஒருத்தர் விடாம 'மேகமே அல்ல'ன்னு போட்டுட்டாங்க. இவன் மட்டும் கீற்று மேகம்னு போட்டிருக்கான்."

"ஏன் அப்படி?"

"மாட்டிக்கக் கூடாதுன்னு வேணும்னே ஒண்ணைத் தப்பாப் போட்டிருக்கான். குழுவும் அப்படித்தான் நினைக்குது."

சித்தி அந்தப் படத்தைத் தன் செல்போனில் கிளிக் செய்துகொண்டாள். வெளியே வந்ததும் நின்றுவிட்டாள்.

"வேணும்னே ஒண்ணை விடறவன் எதை விடுவான்டா?"

"ரொம்பக் கஷ்டமானதை. அதை விட்டாத்தானே நம்புவாங்க."

"இவன் இனாம் கேள்வியை விட்டிருக்கான். சரி, கம்ப்யூட்டர்லேருந்து விடையைத் திருடியிருந்தா?"

"இதுவும் சரியா வந்திருக்கும்." எனக்கு மெல்ல உறைத்தது. "அப்போ இவனுக்கு விடை சொன்னவங்க யாரோ, அவங்களே இதைக் கீற்று மேகம்னு நினைச்சிருக்காங்க!"

"அப்பாடா. மூளை இன்னும் வாரன்டியில இருக்கு."

"வகுப்புல இருந்த யாரும் அப்படி நினைக்க மாட்டாங்க. எல்லாரும்தான் சிரிச்சிருக்காங்களே."

"ஆமா. மேகத்தோட பேரெல்லாம் தெரிஞ்சிருக்கணும். ஆனா இந்த வகுப்புல உட்கார்ந்திருக்கக் கூடாது. அப்படி ஒரு ஆள் இந்தக் கட்டடத்துல யாருடா?"

நான் படிக்கட்டைப் பார்த்தேன். சித்தி ஏற்கெனவே கீழே இறங்கிக்கொண்டிருந்தாள்.

*

டிசைனரின் அறை நூலகத்துக்குக் கீழே இருந்தது. இரண்டு திரைகள், கொக்கியில் தொங்கும் ஹெட்போன், சுவர் முழுக்க மஞ்சள் துண்டுச் சீட்டுகள். நாங்கள் போனபோது வயதான ஒரு வாத்தியார் அவளிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

"எல்லாமே முக்கியம்மா. எதை எடுக்கறது?"

"சார், ஒரே பக்கத்துல முழுப் பாடத்தையும் போட்டா பசங்க படிக்க மாட்டாங்க. பார்த்ததுமே பயந்துடுவாங்க. இதைப் படிச்சிட்டு அவங்க என்ன செய்யத் தெரிஞ்சிருக்கணும்? அதை மட்டும் சொல்லுங்க. மீதியை நான் பார்த்துக்கறேன்."

வாத்தியார் தலையைச் சொறிந்துகொண்டே போனார். அவள் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். தூங்கிப் பல நாள் ஆன கண்கள். சித்தி தான் யார் என்று சொன்னதும் அந்தச் சிரிப்பும் போய்விட்டது.

"ரேடியோ விஷயமா வந்தோம். உங்களை ஒண்ணும் பெருசாக் கேக்கப் போறதில்ல," என்று சித்தி செல்போனை நீட்டினாள். திரையில் படம் தீப்பெட்டி அளவுக்கு இருந்தது. "எனக்கு இந்த மேகமெல்லாம் தெரியாதும்மா. இது எது?"

"கீற்று மேகம்," என்றாள் அவள், யோசிக்காமலே.

சித்தி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். ஓரத்தில் இருந்த விமானம் வளர்ந்து வந்தது.

டிசைனரின் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பெருமையாகத் தொண்டையைச் செருமினேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் அல்லவா.

"ஆக, அவனுக்கு விடையைச் சொல்லிக்குடுத்தது நீங்க," என்றேன். "பாவம்னு பார்த்தீங்களா?"

"நான் சொல்லல." அவள் குரல் உடைந்தது. "படம் சொல்லிடுச்சு."

சித்தி என்னைப் பார்த்தாள். நான் ஜோக் எதுவும் சொல்லவில்லை. உண்மையில் எனக்குப் புரியவில்லை.

டிசைனர் கொக்கியில் இருந்த ஹெட்போனை எடுத்து என் காதில் மாட்டினாள். ஒரு பரீட்சைப் பக்கத்தைத் திறந்து, "கண்ணை மூடிக்கோங்க," என்றாள்.

இயந்திரக் குரல் ஒன்று காதில் படிக்க ஆரம்பித்தது. 'கேள்வி. படத்தில் இருப்பது எந்த வகை மேகம்? படம். திரள் மேகம். விடைகள். அ. படை மேகம். ஆ. திரள் மேகம்...'

நான் கண்ணைத் திறந்தேன். "இது என்னங்க, கேள்வியே விடையைச் சொல்லுது?"

"ஒவ்வொரு படத்துக்குப் பின்னாடியும் ஒரு விளக்கம் எழுதி வைப்போம். பார்க்கறவங்களுக்கு அது தெரியாது. பார்க்க முடியாதவங்களுக்குக் கம்ப்யூட்டர் அதைப் படிச்சுச் சொல்லும். செமஸ்டர் ஆரம்பத்துல சார் ஒரு கட்டுப் படம் குடுத்தார். பாடத்துல போடறதுக்குன்னு நினைச்சு எல்லாத்துக்கும் நான்தான் எழுதினேன். பாடத்துல பேரை எழுதலாம். எழுதத்தான் வேணும். பரீட்சையில பேரை எழுதக் கூடாது. எப்படி இருக்குன்னு மட்டும் எழுதணும்." அவள் உள்ளங்கையால் கண்ணைத் துடைத்தாள். "பரீட்சைக்கும் அதே கட்டுலேருந்துதான் சார் படம் எடுத்தார். நான் படத்தை நகர்த்தினேன். படத்தோட ஒட்டிக்கிட்டு விளக்கமும் போயிடுச்சு."

"இந்த விமானப் படம்?"

"கட்டுல எல்லாம் ஸ்டாம்ப் அளவுக்குத்தான் தெரியும். விமானம் என் கண்ணுல படவே இல்ல. கோடு தெரிஞ்சுது. கீற்று மேகம்னு எழுதிட்டேன்."

சித்தி அடுத்துக் கேட்ட கேள்வியில் கத்தி இருந்தது.

"இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"மார்க் வந்த அன்னிக்கு."

எனக்குச் சுர்ரென்று வந்தது. ரெண்டு வாரம்! ஒரு பையனைத் திருடன் என்று ஊரே பேச, இந்தம்மா கீழே உட்கார்ந்து துண்டுச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். ஏதோ கடுமையாகச் சொல்லப் போனேன். சித்தி என் காலை மிதித்தாள்.

"எனக்கு இந்த மாசத்தோட ஒப்பந்தம் முடியுது," என்றாள் டிசைனர், தரையைப் பார்த்தபடி. "அதுமட்டும் இல்ல. அவனும் எல்லாக் கேள்வியும் எழுதணும்னு இந்தக் கல்லூரியில ஒவ்வொரு அறையாப் போய்ச் சண்டை போட்டவ நான். ஜெயிச்சதும் நானே கெடுத்துட்டேன்னு எப்படிப் போய்ச் சொல்றது? எப்பவும் பரீட்சையைத் திறக்கறதுக்கு முன்னாடி ஹெட்போன் போட்டு ஒரு தடவை கேப்பேன். அன்னிக்கு மட்டும் கேக்கல. ஆதாரம் இல்லன்னு குழுவே விட்டுடும், விட்டுடும்னு ஒவ்வொரு நாளும் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சாப்பிடும்போது அவன் ஞாபகம் வரும். சாப்பிட்டுட்டுத்தான் இருந்தேன். தப்புதான். பெரிய தப்பு."

"குழு விடப் போறதில்ல," என்றாள் சித்தி. "எழுந்திருங்க. மேல போவோம். இப்போ போனா இன்னும் நேரம் இருக்கு."

அவள் எழுந்தாள். மடிக்கணினியையும் ஹெட்போனையும் ஒரு குட்டி ஸ்பீக்கரையும் மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.

*

விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் ரேடியோவின் அக்கா உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"எல்லாம் முடிஞ்சுது சித்தி. அவனே ஒத்துக்கிட்டான். நான்தான் திருடினேன்னு சொல்லிட்டானாம்."

சித்தி கதவைத் தட்டவே இல்லை. நேரே திறந்துகொண்டு போய்விட்டாள். நாங்களும் பின்னாலேயே நுழைந்தோம்.

நீள மேசை. நடுவில் முதல்வர் அம்மாள், பக்கத்தில் பேராசிரியர், இன்னும் இருவர். எதிரே மெலிந்த ஒரு பையன், மடியில் மடக்கிய வெள்ளைக் கோலோடு.

"விசாரணை முடிஞ்சாச்சு," என்றார் முதல்வர், எரிச்சலாக. "பையன் குற்றத்தை ஒத்துக்கிட்டான்."

"ஒரே ஒரு கேள்வி மேடம். கேட்டுட்டு நானே வெளிய போயிடறேன்." சித்தி ரேடியோ பக்கம் திரும்பினாள். "தம்பி, எங்கேருந்து திருடினே?"

"சார் கம்ப்யூட்டர்லேருந்து," என்றான் அவன். மனப்பாடம் செய்த குரல்.

"அப்போ அந்த விமானப் படத்துக்கு அதுல என்ன விடை போட்டிருந்துச்சு?"

ரேடியோவின் முகம் சித்தியின் குரல் வந்த பக்கம் நிமிர்ந்தது.

"விமானமா? எதுல விமானம் இருந்துச்சு?"

தான் எந்தக் கேள்வியில் தோற்றான், ஏன் தோற்றான் என்று கூட அந்தப் பையனுக்கு இதுவரை ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

"விடையைப் பார்த்தவனுக்கு இது தெரிஞ்சிருக்கணும் மேடம்," என்றாள் சித்தி. "இவன் எதையும் திருடல."

டிசைனர் முன்னால் வந்தாள். மடிக்கணினியை மேசையில் வைத்து ஸ்பீக்கரை இணைத்தாள். அந்த இயந்திரக் குரல் அறை முழுக்கக் கேட்டது. 'படம். திரள் மேகம்.' அடுத்து, 'படம். கார்மேகம்.' அடுத்தது. அதற்கடுத்தது.

"எழுதினது நான்," என்றாள். "தெரிஞ்சும் இத்தனை நாள் வாயை மூடிட்டு இருந்ததும் நான். இந்தப் பையன் மேல ஒரு தப்பும் இல்ல."

"இருக்கு மேடம்," என்றான் ரேடியோ. கோலைத் திருகிக்கொண்டே இருந்தான். "முதல் கேள்வியிலேயே எனக்குப் புரிஞ்சிடுச்சு. கையைத் தூக்கிச் சொல்லியிருக்கலாம். சொல்லல. காதுல விழுந்ததைப் போட்டேன். அதுவும் திருட்டுதானே?"

"பைத்தியமாடா உனக்கு!" அக்கா வாசலிலேயே அழுதாள். "அதையாவது சொல்லியிருக்கலாமே! கம்ப்யூட்டர்லேருந்து திருடினேன்னு எதுக்குடா சொன்னே?"

"உண்மையைச் சொன்னா என்ன ஆகும்க்கா? இந்த விளக்கமே வேண்டாம்னு எடுத்துடுவாங்க. இந்த மேடம் வர்றதுக்கு முன்னாடி எனக்கு என்ன கேக்கும் தெரியுமா? 'படம் ஒன்று. படம் இரண்டு.' அவ்வளவுதான். ரெண்டு வருஷம் அதையே கேட்டேன். முதல் வருஷத்துல என்னை மாதிரி இன்னொரு பொண்ணு சேர்ந்திருக்கா. என்னோட போகட்டும்னு நினைச்சேன்."

டிசைனர் முகத்தைப் பொத்திக்கொண்டாள். எனக்கே எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கிண்டல் அடித்தே பிழைக்கிறவன் நான், அந்த அறையில் என்னிடம் ஒன்றும் இல்லை.

முதல்வர் தொண்டையைச் செருமினார். "சரி. பையன் மேல இருந்த புகாரை வாபஸ் வாங்கிக்கறோம். ஆனா இந்தக் குழப்பத்துக்கெல்லாம் காரணம் இந்த விளக்கம்தான். இனிமே எந்தப் பரீட்சையிலயும் அது வேண்டாம். எடுத்துடுங்க."

ரேடியோ தலையைக் குனிந்தான். அவன் எதற்குப் பயந்தானோ அது நடந்துவிட்டது. குற்றவாளியைக் கண்டுபிடித்த சித்தியின் முகத்தில்தான் அப்போது குற்ற உணர்ச்சி இருந்தது.

"ஒரு நிமிஷம்." பேராசிரியர் டிசைனரைப் பார்த்தார். "ஏம்மா, பரீட்சையைத் திறக்கறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்பினீங்களே. நான் பார்த்துட்டுச் சரின்னு அழுத்தினேனே?"

"பார்த்தீங்க சார்," என்றாள் அவள் மெதுவாக. "கேக்கல. நானும் கேக்கல."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு முதல்வரிடம் சொன்னார்.

"விளக்கத்தை எடுக்க வேண்டாம் மேடம். தப்பா இருந்தது அது இல்ல, நாங்க. என் பாடத்துக்கு நானும் இந்தம்மாவும் உட்கார்ந்து புதுசா எழுதறோம். இவங்க இருக்கணும், இவங்க இல்லாம எனக்கு வராது. இவனுக்கு மறுபரீட்சை வைக்கிறேன். இவனுக்குச் சம்மதம்னா முதல் கேள்வியை இங்கேயே நானே வாயால கேக்கறேன்."

முதல்வர் பதில் சொல்வதற்குள் ரேடியோ தலையாட்டிவிட்டான்.

பேராசிரியர் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினார். திரையில் ஒரு மேகம். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"வெள்ளையா..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். ரேடியோவின் முகத்தைப் பார்த்தார். மறுபடி முயன்றார். "பஞ்சு மாதிரி..."

"எல்லா மேகத்தையும் பஞ்சுன்னுதான் சார் சொல்றாங்க," என்றான் ரேடியோ, உதவி செய்கிற குரலில். "எது எந்தப் பஞ்சுன்னுதான் தெரியறதில்ல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. தலை நரைக்கும்வரை மேகம் சொல்லிக்கொடுத்தவருக்கு ஒரு மேகத்தைச் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை.

"நான் இந்த செமஸ்டர் முழுக்க உனக்கு என்னதான்டா நடத்தினேன்?" என்று கேட்டார் கடைசியில்.

ரேடியோ கொஞ்சம் யோசித்தான். அவரை நோகடிக்கக் கூடாது என்று நினைத்தான் என்பது பார்த்தாலே தெரிந்தது. ஆனால் அன்று அவன் ஏற்கெனவே ஒரு பொய் சொல்லி முடித்திருந்தான்.

"மேகத்தோட பேரை, சார்," என்றான்.

அதில் குறை சொல்லும் தொனியே இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.